செஞ்சிப் புள்ளிங்கோ

‘புள்ளிங்கோ’ என்றால் ரவுடிகள் என்று நினைக்கிறவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். வீட்டில் அம்மா ‘புள்ளைங்களா, சாப்ட வாங்க’ என்று கூப்பிடுகிற அதே பிள்ளைகள்தான். சென்னைப் பக்கம் யாரோ அதைக் கொஞ்சம் இழுத்து முடித்தார்கள். பாட்டுகளிலும் செல்போனிலும் ஏறி, திண்டிவனம் தாண்டி எங்கள் செஞ்சிக்கும் வந்து சேர்ந்தது. என் கூட்டாளி ஒருவன் மட்டும் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். “பெரும்புள்ளின்னு சொல்றாங்கல்ல, அதுல இருந்து வந்தது மச்சி. நாம சின்னப் புள்ளிங்க” என்பான். பத்தாவதில் அவன் தமிழில் எடுத்த மார்க் எனக்குத் தெரியும் என்பதால் நான் நம்பவில்லை.

பேர் எங்கிருந்து வந்தால் என்ன, அடையாளம் ஒன்றுதான். தலையில் சாயம், காதுக்கு மேல் மழித்த இரண்டு கோடு, ஒரே பைக்கில் மூன்று பேர். நாங்கள் நான்கு பேர் என்பதால் ஒருவன் எப்போதும் பஸ்ஸில் வருவான். இருபத்தாறு வயதில் என் தலை செம்பு நிறத்தில் இருந்தது. நைனா இரண்டு மாதம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்திலிருக்கிற வல்லத்திலிருந்து வரன் வந்தது. பெண்ணின் போட்டோவைப் பார்த்த நிமிஷத்திலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. தரகரிடம் நாங்கள் கொடுத்திருந்தது என் பழைய போட்டோ. கருப்பு முடி, மழித்த முகம், படிய வாரிய தலை. எங்கள் பக்கம் பெண் கொடுக்குமுன், சொல்லாமல் கொள்ளாமல் டீக்கடைக்கு வந்து பையனைப் பற்றி விசாரிப்பார்கள். கோட்டைக்குப் போகிற வழியில் நாங்கள் நால்வரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பெண்ணின் தாய்மாமன் வந்து செல்போனில் அந்தப் பழைய போட்டோவை என்னிடமே காட்டினார்.

“தம்பி, இந்தப் பையனத் தெரியுமா? எப்டி ஆளு?”

தாடியும் செம்பு முடியுமாக நின்ற என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. “தங்கமான பையன் சார்” என்றேன் கூசாமல். “டீகூடக் குடிக்க மாட்டான்” என்றான் பக்கத்திலிருந்தவன், என் கிளாஸைப் பார்த்துக்கொண்டே.

“இந்தப் புள்ளிங்கோ சகவாசம் எதுனா இருக்குதா? இருந்தா எங்களுக்கு ஒத்துவராது.”

“சேச்சே, அந்த மாதிரி பசங்க கிட்டவே போக மாட்டான் சார்” என்றேன் நான்.

அவர் போனதும் மூவரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. நைனா ஏணியிலிருந்து விழுந்தபோது பைக்கில் நடுவே உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள் இவர்கள்தான். ஓடிப்போய் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. பெண் கை நழுவிவிடும் என்ற பயம் விடவில்லை. வெட்கங்கெட்டுப்போய் டீயைக் குடித்து முடித்தேன்.

நிச்சயம் வல்லத்தில் நடந்தது. தலைக்குக் கருப்பு அடித்துக்கொண்டு மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். கூட்டாளிகளை அழைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆனால் பந்தியின் கடைசி வரிசையில் மூன்று பேர். முடி கன்னங்கரேலென்று, எண்ணெய் வழிய. சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டு, நெற்றியில் விபூதி. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

தாய்மாமன் அவர்களிடம் போய், “தம்பிங்க மாப்ள வீட்டு ஆளுங்களா?” என்று கேட்டார்.

“இல்ல சார். மாப்ளய எங்களுக்குத் தெரியாது” என்றான் ஒருவன்.

கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும் என்று இலையை விட்டு எழுந்து போனேன். “மாமா, பொய் சொல்றானுங்க. இவனுங்க என் கூட்டாளிங்க. நாங்க நாலு பேரும் புள்ளிங்கோதான். அன்னிக்கு டீக்கடையில உங்ககிட்ட பேசினதே நான்தான்.”

சாம்பார் வாளி பாதி வழியில் நின்றுவிட்டது. மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். “உன்னப் பத்தி நீயே சாட்சி சொன்னியா?” என்றவர், கூட்டாளிகள் பக்கம் திரும்பினார். “அப்ப நீங்க சொல்லுங்கப்பா. பையன் எப்டி?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரும்புள்ளி விளக்கம் சொல்கிறவன்தான் வாயைத் திறந்தான்.

“கொஞ்சம் பயந்தாங்கொள்ளி சார். மத்தபடி பொண்ணு குடுக்கலாம்.”

கொடுத்தார்கள்.