அலோய்ஸியின் நாக்கு

வெளிநாட்டுப் போலீஸ்காரர்கள் என்னைப் பலவிதமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். லிஸ்பன் துறைமுகத்தில் ஒருவர் மகளே என்றார். மார்செய்யில் ஒருவர் வாயைத் திறக்காமல் விசிலிலேயே வேலையை முடித்துக்கொண்டார். ஆனால் நெசவாலைகள் நிறைந்த எங்கள் வூச் நகரத்தில், அதுவும் எங்கள் பவூட்டி வட்டாரத்தில் பிறந்தவர்களுக்குப் போலீஸ் என்றாலே காதில் விழுவது ஒரே சொல்தான்: "பிரஜையே!"

பிரஜையே, நில். பிரஜையே, அடையாள அட்டையை எடு. பிரஜையே, வண்டியில் ஏறு. கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட அந்தக் காலத்தில் அவர்களுடைய படைக்கே பிரஜைகள் காவல்படை என்று பெயர். பெயரில் எங்களை வைத்துக்கொண்டு கையில் தடியை வைத்திருந்தார்கள். கட்சிக்காரன் கட்சிக்காரனைத் தோழர் என்பான். பக்கத்து வீட்டுக்காரர் ஐயா, அம்மா என்பார். பிரஜை என்று ஒருவர் கூப்பிட்டால் அன்றைக்கு வீட்டுக்குத் தாமதமாகத்தான் போவோம், அல்லது போகவே மாட்டோம்.

அந்தச் சொல்லைப் பாதி ஆயுளாகச் சொல்லிவந்தவர் சார்ஜென்ட் அலோய்ஸி துடெக். எங்கள் குடியிருப்பில் அடுத்த மாடிப்படியில் இருந்தவர். என் அம்மாவோடு ஆலையில் ஒரே வரிசைத் தறியில் நின்ற ஒட்டிலியாவின் கணவர். எனக்கு மாமா. துடெக் என்றால் எங்கள் மொழியில் கொண்டை விரிக்கிற கொண்டலாத்திப் பறவை. தொப்பியைக் கழற்றினால் அவருடைய உச்சி முடியும் அதேபோல எழுந்து நிற்கும். ஆட்சி மாறி, போலீஸ் அலமாரியில் பூட்டிக் கிடந்த பாஸ்போர்ட்டுகள் எங்கள் வீடுகளுக்கு வந்த வருஷம் நான் கிளம்பிப் போனேன். சுற்றி முடித்துத் திரும்பி வந்தபோது சந்தையில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தது அவர் கதையைத்தான். ஒட்டிலியா ஒரு மாதிரி சொன்னார், சந்தைப் பெண்கள் இன்னொரு மாதிரி சொன்னார்கள். கடைசியில் அவரிடமே கேட்டேன். மூன்றும் பொருந்துகிற இடங்களை எழுதுகிறேன்.

அவரை நல்லவர் என்று ஆரம்பிக்க முடியாது. ராணுவச் சட்டம் வந்த குளிர்காலத்தில், வேலைநிறுத்தத்தை உடைக்க ஆலை வாசலில் கேடயத்தோடு நின்ற வரிசையில் அவரும் நின்றார்.

"அடிச்சீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"அடிச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். உத்தரவு, சின்ன வயசு, குளிர் என்று எதையும் பின்னால் சேர்க்கவில்லை. அவருடைய தடி இறங்கிய தோள்களில் ஒன்று பெலாகியாவினுடையது. அவளும் நெசவுக்காரி. மழைக்காலத்தில் இன்றும் அந்தக் கையைத் தூக்க மாட்டாள்.

ஆட்சி போனது. காவல்படை போலீஸ் ஆனது. எங்கள் மொழியில் பழைய பெயருக்கும் புதுப் பெயருக்கும் முதல் இரண்டு எழுத்துதான் வித்தியாசம். வண்டிகளில் அந்த இரண்டு எழுத்தை மட்டும் அழித்துப் புதிதாக எழுதினார்கள். ஒரு சின்ன டப்பா பெயின்ட் போதுமானதாக இருந்தது. மேல்மாடியில் உட்கார்ந்திருந்த ரகசியப் பிரிவு ஆட்களைக் குழு போட்டு விசாரித்துப் பலரை வெளியே அனுப்பினார்கள். கீழ்மாடியில் இருந்த அலோய்ஸி மாதிரி ஆட்கள் அப்படியே இருந்தார்கள். புதுத் தொப்பி கொடுத்தார்கள். நாக்குக்குத்தான் பெயின்ட் அடிக்க முடியவில்லை.

புதிதாக வந்த கமாண்டர் விட்டோல்ட் காராஷ் முன்பு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். தொழிற்சங்கத்தில் இருந்ததற்காகச் சில மாதம் தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்தவர். முதல் நாளே எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்:

"இனிமே ஐயா, அம்மா. பிரஜைங்கிற சத்தம் இந்தக் கட்டடத்துல கேக்கக் கூடாது. ஒருத்தர் மேல மூணு புகார் வந்தா, அவரை வட்டாரத்துல இருந்து தூக்கிடுவேன்."

அலோய்ஸி கையைத் தூக்கினார். "ஒரு சந்தேகம், கமாண்டர் ஐயா. எலெக்‌ஷன்ல நீங்க எல்லாம் வச்ச குழுவுக்கே பிரஜைகள் குழுன்னுதானே பேரு?"

"அது நாங்க எங்களைச் சொல்லிக்கிட்டது. நீங்க எங்களைச் சொன்னது வேற."

"புரியுது," என்றார் அலோய்ஸி. உண்மையாகவே புரிந்தது என்றுதான் என்னிடமும் சொன்னார். ஆனால் புரிந்தது மண்டைக்கு. முதல் புகார் அதே மாதம் வந்தது. விளக்கில்லாத சைக்கிளில் வந்த பங்குத்தந்தையை நிறுத்தி, "பிரஜை பாதிரியாரே" என்றுவிட்டார். இரண்டாவது ஒரு சவ ஊர்வலத்தில். போக்குவரத்தை ஒழுங்குபடுத்துகிற அவசரத்தில், "பிரஜை விதவையே, கொஞ்சம் ஓரமா!"

அன்று இரவிலிருந்து ஒட்டிலியா பாடம் நடத்த ஆரம்பித்தார். மேஜையில் புளித்த மாவு சூப் ஆவி பறக்கும். கேட்கிறபடி கேட்டால்தான் கிண்ணத்துக்கு வரும்.

"கேளுங்க."

"ஒட்டிலியா அம்மா, எனக்கு இன்னொரு கரண்டி சூப் கிடைக்குமா?"

"பாத்தீங்களா, வருதே! எனக்கு வருது, அந்த விதவைக்கு வரலையா?"

"தொப்பி போட்டா வர மாட்டேங்குது."

"அப்ப தொப்பியைப் போட்டுக்கிட்டுச் சாப்பிடுங்க."

போட்டுக்கொண்டும் சாப்பிட்டுப் பார்த்தார். சிரித்துக்கொண்டே ஒட்டிலியா இதைச் சொன்னாலும், அந்த நாட்களில் அலோய்ஸி சரியாகத் தூங்கவில்லையாம். "வட்டாரத்தை எடுத்துட்டா நான் யாரு ஒட்டிலியா? எந்தப் படிக்கட்டுல எவன் குடிச்சிட்டுப் பெண்டாட்டியை அடிப்பான்னு எனக்குத் தெரியும். வேற இடத்துல நான் தொப்பி போட்ட ஒரு ஆளு, அவ்வளவுதான்."

அதற்குள் ஆலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தன. தறிகளை விட்டு வந்த பெண்கள் சுற்றுலாக் கூடாரங்களில் படுக்கிற மடக்குக் கட்டிலைச் சந்தைத் தெருவில் விரித்து, அதன் மேல் சரக்கைப் பரப்பி விற்றார்கள். ஒட்டிலியா காலுறை விற்றார். பெலாகியா துவாலை விற்றாள். அங்கே பளபளக்கிற ஜெர்மன் காரில் வந்து இறங்கினான் கோர்தியன் ஷுல்ட்ஸ். மேல்மாடி ரகசியப் பிரிவில் இருந்தவன். குழு வெளியே தள்ளிய பிறகு தோல் கோட்டு வாங்கிக்கொண்டு தொழிலதிபர் ஆகிவிட்டான். தொழில் என்னவென்றால், ஒவ்வொரு கட்டிலிடமும் 'பாதுகாப்பு'க்கு என்று பணம் வாங்குவது. கொடுக்காத கட்டிலின் கால் உடையும்.

அலோய்ஸிக்கு இது தெரியும். சாட்சி சொல்லத்தான் ஆளில்லை. பெலாகியாவிடம் போய், வாக்குமூலம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்.

"எழுதணுமா? நீ என் தோள்ல எழுதினதே இன்னும் அழியலை," என்றாள். "ரெண்டு எழுத்தை மாத்திட்டா உங்களை நம்பிடணுமா? போய்யா!"

அவர் போய்விட்டார். மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும்.

ஒரு சனிக்கிழமை காலை, பனி உருகித் தெரு சேறாகிக் கிடந்தபோது, ஷுல்ட்ஸ் பெலாகியாவின் கட்டிலைக் காலால் உதைத்துக் கவிழ்த்தான். வெள்ளைத் துவாலைகள் சேற்றில் விழுந்தன. தெருக்கோடியில் இருந்த அலோய்ஸி நடந்து வந்தார். தனியாக. போலீஸ் வண்டிக்கு அந்த வாரத்துப் பெட்ரோல் தீர்ந்துவிட்டிருந்தது.

ஷுல்ட்ஸுக்கு அவரைப் பார்த்ததும் குஷி. போலீஸ் கட்டடத்தில் அவனுக்கு இன்னும் நண்பர்கள் இருந்தார்கள். அலோய்ஸியைச் சின்னப் பையனைப்போலச் செல்லப் பெயரில் கூப்பிட்டான்.

"அடடே, லோய்ஸெக்! ரெண்டு புகார் ஆச்சாமே? மூணாவது விழுந்தா மூட்டை கட்டணுமாமே? பாத்துப் பேசுப்பா. நான் இப்ப தொழிலதிபர். 'ஐயா, தயவுசெஞ்சு'ன்னு ஆரம்பி, கேக்கலாம்."

சந்தை முழுக்க அலோய்ஸியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒட்டிலியா காலுறைக் கட்டிலுக்குப் பின்னால் நின்று, உதட்டை மட்டும் அசைத்து ஐயா, ஐயா என்று காட்டினார்.

அலோய்ஸி சேற்றில் கிடந்த துவாலைகளைப் பார்த்தார்.

"பிரஜை ஷுல்ட்ஸ்! கையைத் தூக்கி வண்டி மேல வை."

நாக்கு தவறி வந்ததா, தெரிந்தே சொன்னாரா என்று நான் கேட்டேன். "முதல்ல தவறித்தான் வந்துச்சு," என்றார். "வெளிய வந்ததும், அவனுக்கு அது பொருத்தமா இருந்துச்சு. திரும்ப எடுத்துக்க மனசு வரலை."

ஷுல்ட்ஸ் கை தட்டிச் சிரித்தான். "கேட்டீங்களா? எல்லாரும் கேட்டீங்கல்ல? பழைய காவல்படை வார்த்தை! நீங்கதான் எனக்குச் சாட்சி!"

பெலாகியா குனிந்து ஒரு துவாலையை எடுத்து உதறினாள்.

"என் காதுல ஐயான்னுதான் விழுந்துச்சு."

"எனக்கும் ஐயாதான்," என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. "கொஞ்சம் ஜாஸ்தி மரியாதையோ?"

"வீட்ல எனக்கே இவ்வளவு மரியாதை கிடையாதும்மா," என்றார் ஒட்டிலியா.

ஷுல்ட்ஸ் காரில் ஏறப் பார்த்தான். அதற்குள் மடக்குக் கட்டில்கள் சத்தமில்லாமல் நகர்ந்து, காருக்கு முன்னாலும் பின்னாலும் தெருவை அடைத்துவிட்டிருந்தன. அலோய்ஸி அவனைக் கையில் விலங்கோடு நிலையம் வரை நடத்தியே கூட்டிக்கொண்டு போனார். பின்னாலேயே சந்தைப் பெண்கள் வந்தார்கள். முதல்முறையாக அந்தக் கட்டடத்துக்குள் தாங்களாக நுழைந்தார்கள்.

ஷுல்ட்ஸின் வக்கீல் புகாரோடு வந்து சேர்ந்தார். கமாண்டர் காராஷ் பெண்களின் வாக்குமூலங்களை வாசித்தார். அவன் மிரட்டியது, பணம் வாங்கியது, கட்டில் கால் உடைத்தது எல்லாம் இருந்தன. கூடவே எல்லாவற்றிலும், 'சார்ஜென்ட் அவனை ஐயா என்றே அழைத்தார்.' கமாண்டருக்கு நிம்மதி. "மூணாவது புகார் நிக்காது, துடெக்," என்றார்.

"நிக்கும்," என்றார் அலோய்ஸி. "நான் பிரஜைன்னுதான் சொன்னேன்."

பிறகு நடைகூடத்துக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் அந்த வரியை மாற்றி எழுதச் சொன்னார். உள்ளே இருந்த கமாண்டருக்குக் கேட்கிற அளவுக்குச் சண்டை.

"உனக்குப் பைத்தியமா? உன்னைக் காப்பாத்தத்தானே சொன்னோம்!" என்று கத்தினாள் பெலாகியா.

"இந்த ஒண்ணுல பொய்யின்னு வக்கீல் புடிச்சிட்டான்னா, மத்ததும் பொய்யின்னு சொல்லி அவனை வெளிய கூட்டிட்டுப் போயிடுவான்."

"புடிக்க மாட்டான். நாங்க எல்லாம் ஒரே மாதிரி சொல்லுவோம்."

"அதான் வேண்டாங்கிறேன். நாப்பது வருஷமா இந்தக் கட்டடத்துல ஜனங்க ஒரே மாதிரி பொய் சொல்லியிருக்காங்க. சொல்ல வச்சது நாங்க. போதும், பெலாகியா அம்மா. நடந்ததை நடந்த மாதிரி எழுதுங்க."

பெலாகியா பேனாவைக் கேட்டாள்.

புகார் நின்றது. வட்டாரம் போனது. அவரை ரயில் நிலையத்துப் போலீஸ் அறைக்கு மாற்றினார்கள். தொலைந்த குடை, தூங்கிப்போன குடிகாரன், இவைதான் அங்கே வேலை. நீதிமன்றத்தில் வக்கீல் ஒவ்வொரு பெண்ணிடமும் அந்தச் சொல்லைப் பற்றித்தான் முதலில் கேட்டார். ஒவ்வொருத்தியும் ஆமாம், பிரஜைன்னுதான் சொன்னார் என்றாள். வக்கீலுக்குப் பிடித்து இழுக்க நுனியே கிடைக்கவில்லை. ஷுல்ட்ஸ் சிறைக்குப் போனான். பெலாகியா கூண்டிலிருந்து இறங்கும்போது நீதிபதியிடம், "நல்லா சத்தமா சொன்னார், அம்மா. கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்டுச்சு," என்று சேர்த்துக்கொண்டாள்.

சந்தைக்கு மட்டும் அவர் மேல் கோபம் தீரவில்லை. 'நாங்க கஷ்டப்பட்டுப் பொய் சொன்னா, இந்த ஆளு வீணாக்கிட்டான்' என்று வாரக்கணக்கில் திட்டினார்கள். திட்டிக்கொண்டே, எந்தத் திருட்டு, அடிதடி என்றாலும் பக்கத்துத் தெருவில் இருந்த நிலையத்தைத் தாண்டி, டிராம் பிடித்து, ரயில் நிலையத்துக்குப் போய் அவரிடம் புகார் கொடுத்தார்கள். ரயில்வே அறை வாசலில் கூடையும் தலைத்துண்டுமாக வரிசை நின்றது.

செய்தி கேட்டு கமாண்டர் காராஷே நேரில் வந்தார்.

"இவங்க எல்லாம் எந்த ரயிலுக்கு?"

"எந்த ரயிலுக்கும் இல்லை, கமாண்டர் ஐயா. புகார்."

கமாண்டர் வரிசையைப் பார்த்துத் திரும்பினார். "அம்மாமாரே, உங்க நிலையம் உங்க தெருவுலயே இருக்கு. புதுசா நல்ல பையனைப் போட்டிருக்கேன். எல்லாரையும் ஐயா, அம்மான்னுதான் கூப்பிடுறான்."

"கூப்பிடட்டும்," என்றாள் வரிசையின் முதலில் நின்ற பெலாகியா. "அந்தப் பையனை எனக்குத் தெரியாது. இவரைத் தெரியும். எவ்வளவு கெட்டவர்னும் தெரியும். அதுக்கு மேல போக மாட்டார்."

இதைச் சொல்லும்போது சந்தைப் பெண்கள் எல்லோரும் கழுத்தை நிமிர்த்திக்கொள்கிறார்கள். ஏதோ தாங்களே அந்த வாக்கியத்தைச் சொன்னதுபோல. பல ஊர் பார்த்துவிட்டு வந்த நானும்தான் நிமிர்த்திக்கொள்கிறேன்.

கமாண்டர் தலையைச் சொறிந்துகொண்டு, "திங்கட்கிழமை பழைய வட்டாரத்துக்கே போயிடுங்க, துடெக்," என்றார்.

அலோய்ஸி எழுந்து விறைப்பாக நின்றார். ஆனால் சல்யூட் அடிக்க வேண்டிய கையில் பேனா இருந்தது.

"போறேன், ஐயா. முதல்ல இந்த அம்மாவோட வாத்து எங்க போச்சுன்னு எழுதி முடிச்சிடறேன்."