அரைநாணும் கைநூலும்

"...அப்ப என்ட புள்ளைக்கு ஒண்டும் இல்லையாக்கும்! விரலை வெச்சுப் பாத்தீங்க, அரைநாண் இறுக்கமா இரிக்கு, சுகமெண்டு எழுதிட்டீங்க. நல்லாரிக்கு கா!" என்று சொல்லிக்கொண்டே, சைக்கிளில் ஏறப்போன என்னைக் கரியரில் பிடித்து நிறுத்தினார் அந்தத் தாய். இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை.

சண்டை நடந்த ஆண்டுகளில் ஒரு பிற்பகல். வவுணதீவுக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே ஒரு சிறிய ஊர். எனக்கோ வாவியைத் தாண்டி டவுனுக்குத் திரும்பும் அவசரம். பொழுதுபடுமுன் சோதனைச் சாவடியை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நின்றால் நின்றதுதான். தூரத்தில் ஹெலிகொப்டர் சத்தம் வேறு கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு காதை அதிலும் ஒரு கண்ணை வெயிலிலும் வைத்துக்கொண்டுதான் அன்று முழுக்க வேலை செய்தேன்.

நான் படித்த டாக்டர் இல்லை. டவுனில் இருந்த ஒரு டாக்டர் அம்மா பிள்ளைகளின் போசாக்கைப் பற்றி ஆய்வு செய்தார். பத்தாம் வகுப்போடு நின்ற என்னைப் போன்ற நாலைந்து பேரைப் பழக்கி ஊர் ஊராக அனுப்பினார். வெறும் ஆய்வு மட்டும் இல்லை. மிகவும் மெலிந்த பிள்ளைகளின் பெயரை நாங்கள் எழுதி வைப்போம், மறுநாள் அந்த ஊருக்கு வரும் வாகனம் பட்டியலைப் பார்த்து அவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும். பெயர் இல்லாத பிள்ளைக்கு இடம் இல்லை. அடுத்த வாகனம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

எதை வைத்து அளப்பது என்பதுதான் பெரிய பிரச்சினை. இரத்தம் எடுத்தால் ஐஸ் வேண்டும், பழுதாகாமல் டவுன் போய்ச் சேரவும் வேண்டும். எங்களிடம் இருந்த தராசு பற்றரியில் ஓடுவது. பற்றரியை வாவிக்கு அங்கால் கொண்டுபோகச் சாவடியில் இராணுவம் விடாது. கடைசியில் டாக்டர் அம்மா எங்கள் கையில் தந்தது சிவப்பு, மஞ்சள், பச்சை போட்ட ஒரு நாடா. பிள்ளையின் மேற்கையைச் சுற்றிப் பிடித்தால் எந்த நிறத்தில் நிற்கிறதோ அதுதான் முடிவு, சிவப்பு என்றால் கடும் மெலிவு. எனக்கு அது விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. பிள்ளைகளும் நாடாவைக் கண்டதும் கத்திக் கையை உதறுவார்கள். ஒரு பிள்ளையோடு மல்லுக்கட்டிப் பத்து நிமிடம் போய்விடும்.

ஆட்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். அந்தப் பக்கத்துப் பெண்கள் பிள்ளை மெலிந்துவிட்டது என்று சொல்லமாட்டார்கள், "அரைநாண் வழுகுது" என்பார்கள். அதைக் கேட்டதும் என் மூளை வேலை செய்தது. இடுப்புக் கயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தால் போதாதா? ஒரு விரல் இறுக்கமாகப் போனால் சுகம். மூன்று விரல் தாராளமாகப் போனால் மெலிவு. அழுகை இல்லை, நேரம் மிச்சம். அன்று அந்த ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் இப்படித்தான் பார்த்து முடித்தேன். படிவத்தில் நாடாவின் நிறத்தையும் என் விரல் சொன்னபடியே நிரப்பினேன். இதை எழுத இப்போதும் கூசுகிறது.

"அரைநாண் இறுக்கமெண்டா நல்லதுதானே அக்கா?" என்றேன், ஒரு காலைப் பெடலில் வைத்தபடியே.

"இறுகினது புள்ள இல்ல தங்கச்சி, வகுறு. பூச்சி வகுறு. அது ஊத ஊத நானும் கயித்தை அவுத்து அவுத்து முடியிறன். ஊதின வகுத்தைப் பாத்துச் சுகமெண்டா, செத்த தவக்களையும் சுகந்தான்!"

பக்கத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு முகம் சுட்டது.

அந்தத் தாய் பிள்ளையின் இடது கையைத் தூக்கிக் காட்டினார். மேற்கையில் மஞ்சள் நூல் ஒன்று அழுக்கேறிக் கிடந்தது. "அம்மன் கோயில் சடங்கில கட்டின நூல். கட்டக்குள்ள சதையில பதிஞ்சு நிண்டது. இப்ப பாருங்க." ஒரு விரலால் தள்ளினார். நூல் முழங்கையைத் தாண்டி மணிக்கட்டு வரைக்கும் வழுக்கி வந்தது.

பைக்குள் சுருட்டி வைத்திருந்த நாடாவை எடுத்தேன். பிள்ளை கத்தவில்லை, கையை உதறவும் இல்லை. அதற்குத் தெம்பு இருந்தால்தானே. நாடா சிவப்பில் நின்றது.

பெயரை எழுதினேன். மறுநாள் வாகனத்தில் அந்தப் பிள்ளை போனது. சில வாரம் கழித்து ஆஸ்பத்திரியில், டாக்டர் அம்மாவின் கழுத்தில் தொங்கிய குழாயை அது பிடித்து இழுத்து அடம்பிடித்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். நான் செய்ததையெல்லாம் அப்போதுதான் அவரிடம் ஒப்புக்கொண்டேன். ஏசுவார் என்று நினைத்தேன். "சுலபமான வழி தேடினது பிழை இல்ல. ஆனா நீ வயித்தை அளந்திருக்கிறாய், பிள்ளையை அளக்கல்ல" என்றார், அவ்வளவுதான். இத்தனை வருடம் கழித்தும், ஒரு வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டேன் என்று மனம் துள்ளும்போதெல்லாம் அந்த மஞ்சள் நூல் மணிக்கட்டுக்கு வழுக்கி வருவது கண்ணில் தெரிகிறது. கையிலிருக்கும் வேலையைத் திரும்ப ஒருமுறை பார்க்கிறேன்.

ஆனால் அந்தப் பிற்பகல் பெயரை எழுதியதோடு முடியவில்லை. "மத்தப் புள்ளையளையும் இப்பிடித்தான் பாத்தீங்களோ?" என்று கேட்டார் அந்தத் தாய்.

"ஓம் அக்கா."

வெயில் சாய்ந்துவிட்டது. நான் சாவடிப் பக்கம் போகும் வீதியைத் திரும்பிப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். தன் பிள்ளைக்கு இடம் கிடைத்தாயிற்று, அவர் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பிள்ளையைத் தூக்கி என் இடுப்பில் வைத்தார். என் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டு வளவுக்குள் சாத்தி வைத்தார். பிறகு முன்வீட்டு வாசல் கடப்படியில் போய் நின்று உரத்துக் கூப்பிட்டார்: "புள்ளையளைத் தூக்கிக்கொண்டு வாங்க கா, தங்கச்சி முதல்ல இருந்து அளக்கப் போறா!"