கடைசிக்கு முதல் தடை

"உவன் முடிஞ்சான்" என்றேன் நான்.

"ஆர் முடிஞ்சது? விசர்க் கதை கதையாதை, மச்சான்" என்றார் அத்தான்.

போன மார்கழியில் ஒரு சனிக்கிழமைக் காலை. வெளியில் ஸ்னோ கொட்டிக்கொண்டிருந்தது. நான் இருக்கும் ஸ்ரௌவ்விலிலிருந்து முக்கால் மணித்தியாலம் வழுக்கி வழுக்கிக் கார் ஓட்டி, மோர்னிங்சைட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நான் வந்திருந்தது அக்காவின் கணவரோடு சண்டை பிடிக்கத்தான். சண்டை ஒரு குதிரையைப் பற்றியது. இங்கிலாந்தில் தடை தாண்டி ஓடும் பந்தயங்களில் இரண்டு வருடம் தொடர்ந்து சாம்பியனாக இருந்த குதிரை அது. எங்கள் இரண்டு பேருக்கும் அது 'உவன்'தான். அங்கே பின்னேரம் ஓடும் பந்தயம் இங்கே ரொறன்ரோவில் காலைத் தேத்தண்ணி நேரத்துக்கு ரீவியில் வரும். அன்றைக்கு உவன் கடைசிக்கு முதல் தடையில் கால் தட்டி விழுந்து, எழும்பி, முதுகில் ஜொக்கி இல்லாமல் தனியே ஓடிப்போனான்.

எங்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது லண்டனில். கனடா வருவதற்கு முதல் அத்தான் பன்னிரண்டு வருடம் அங்கே ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தார். கடைசி நாலு வருடம் நானும் அவரோடு. சனங்கள் விட்டுப்போகும் பேப்பரில் குதிரைப் பக்கத்தை மட்டும் கிழித்து, கல்லாவுக்குக் கீழே வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு வாசிப்பார். ஒவ்வொரு குதிரைக்கும் போன ஓட்டத்தைப் பற்றி இரண்டு வரி இருக்கும். எங்கே தடுமாறியது, எங்கே களைத்தது, கடைசியில் உடம்பில் ஏதும் மிச்சம் இருந்ததா என்று. அந்த இரண்டு வரியை வைத்து இரண்டு மணித்தியாலம் கதைப்பார் மனிதர். ஆனால் ஒரு தடவையாவது மைதானத்துக்குப் போய் நேரில் பார்த்ததில்லை. ரயிலில் ஒரு மணித்தியாலம்தான். பந்தயம் சனிக்கிழமை, சனிக்கிழமை அவருக்கு வேலை. பன்னிரண்டு வருடமும் அப்படியே போனது.

பந்தயம் பார்க்கும்போது ரீவியின் சத்தத்தை அறவே நிற்பாட்டிவிடுவார். "கொமென்ரரிக்காரன் குதிரைச் சொந்தக்காரனுக்கு நோகாமல்தான் கதைப்பான். நீ காலைப் பார்" என்பார். அன்றைக்கும் உவன் விழுந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தோம்.

"பாருங்கோ, தடைக்குக் கிட்ட வர முன்னமே தயங்குறான். முந்தி எண்டால் ஒரு முழம் தள்ளியே எழும்பிப் பாய்வான். வயசு போட்டுது, அத்தான்."

"ஒன்பது வயசெல்லாம் ஒரு வயசே? தரை ஈரம். கால் புதையுது. மார்ச்சிலை காய்ஞ்ச தரை கிடைக்கட்டும், அப்ப கதை."

"மார்ச்சிலை உவன் வெண்டால் நான் மொட்டை அடிக்கிறன்."

"அடிக்க உன்ரை தலையிலை என்ன கிடக்கு?" என்றார். குசினியிலிருந்து அக்கா சிரித்த சத்தம் கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எதற்கும் கோபம் வரும்.

தை மாதம் நாங்கள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அத்தானுக்கு ஈரலில் புற்றுநோய் என்று ஐப்பசியிலேயே தெரிந்திருந்தது. இரண்டு தரம் கீமோ ஏற்றி, அன்றைக்கு ஸ்கானின் முடிவு சொல்வதாக இருந்தது. கார் பார்க்கில் அவர் முன்னுக்கு நடக்க, அக்கா என் ஜக்கெற்றைப் பிடித்து இழுத்தாள்.

"தம்பி, டொக்டர் என்னத்தைச் சொன்னாலும் அவருக்கு நல்லதாச் சொல்லு. தெரிஞ்சால் அவர் அப்பிடியே விழுந்துபோவார்."

எங்கள் வீடுகளில் இது ஒன்றும் புதிது இல்லை. வருத்தக்காரனுக்கு நோய் முற்றியதைச் சொல்லக்கூடாது. ஊரில் அப்படித்தான், லண்டனில் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். அப்பாவுக்கும் நாங்கள் சொல்லவில்லை. அதைவிட, இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து இமிகிரேஷன், பல் டொக்டர், பாங்க் எல்லா இடத்திலும் அத்தானுக்கு வாய் நான்தான். அவர் கூச்சப்படுவார். நான் வாய்க்காரன்.

டொக்டர் ஒரு இளம் பெண். மொழிபெயர்க்க ஆள் கூப்பிடவா என்று கேட்டா. நான் இருக்கிறேன், வேண்டாம் என்றேன். அவ கதிரையை அத்தானுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, அவரைப் பார்த்தே மெதுவாகச் சொன்னா. மருந்து வேலை செய்யவில்லை. இன்னொரு தரம் ஏற்றினால் கூடினால் சில கிழமைகள் கிடைக்கலாம், ஆனால் இப்போது இருக்கும் தெம்பும் போய்விடும். இப்போது நடக்கிறார், சாப்பிடுகிறார், ஒரு இரண்டு மாதம் இப்படி இருப்பார். செய்ய ஆசைப்பட்டது ஏதாவது இருந்தால் அதைச் செய்ய இதுதான் நேரம். அவருக்கு என்ன விருப்பம் என்று கேளுங்கள் என்றா.

அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் நகம் என் தோலில் இறங்கியது.

"மருந்து கொஞ்சம் பிடிச்சிருக்காம், அத்தான்" என்றேன். "இன்னொருக்கா மருந்து ஏத்தினால் எழும்பிடலாமாம். ஏத்துவமோ எண்டு கேக்கிறா."

அத்தான் டொக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"ஓம்" என்றார்.

அவர் ஏற்றத்தான் விரும்புகிறார் என்று நான் டொக்டருக்குச் சொன்னேன். அவவின் முகம் ஒரு மாதிரிப் போனது, ஆனால் எழுதிக்கொண்டா.

அடுத்த சனிக்கிழமை போனபோது செய்தி வந்திருந்தது. உவன் மார்ச் மாதப் பெரிய பந்தயத்தில் ஓடுவானாம். நான் வழிநெடுகத் தீர்மானித்துக்கொண்டு போயிருந்தேன், இனி உவனைப் பற்றிக் குறை கதைப்பதில்லை என்று. மனிசனுக்கு நம்பிக்கை குடுக்கவேண்டாமா?

"அத்தான், நீங்கள் சொன்னது சரி. காய்ஞ்ச தரையிலை உவன் வெண்டுபோடுவான்."

"இல்லை" என்றார் அவர். "உவனை வீட்டை கொண்டுபோய் விடச் சொல்லு. போதும். புல்லுத் தின்னட்டும்."

எனக்கு விளங்கவில்லை. பத்து வருடமாக நான் ஒரு குதிரையைக் குறை சொன்னால் தாங்கிப் பிடிப்பவர் அவர். "என்ன கதை இது? ஒரு தடை தட்டினதுக்குக் குதிரையை அனுப்பிவிடுறதோ? நல்ல பயிற்சி, நல்ல சாப்பாடு, எழும்பி ஓடுவான்!"

"அவனுக்கு ஓட விருப்பமோ எண்டு ஆரும் கேட்டவையே?"

"குதிரையிட்டை ஆர் கேக்கிறது, அத்தான்?" என்று கத்தினேன். பிடிவாதம், வருத்தம் வந்தபிறகு மனிசன் சும்மா எதிர்க்கதை கதைக்கிறது என்றுதான் நினைத்தேன். என் மண்டையில் வேறொன்றும் ஏறவில்லை.

அவர் ரீவியை நிற்பாட்டினார். பிறகு, "மார்ச்சிலை ஒருக்கா லண்டன் போவமோ, மச்சான்? நீயும் நானும். கண்ணாலை ஒருக்காப் பாப்பம்" என்றார்.

என் மனம் ஒரு கணம் தடுமாறியதை ஒளிக்கமாட்டேன். டொக்டர் சொன்ன அந்த இரண்டு மாதம் இதற்குத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயால் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டேனே. எழும்பப்போகிற மனிசனை மருந்தை விட்டுப்போட்டுப் பிளேனில் ஏற்றுவது எப்படி?

"மருந்து ஏத்துற நேரத்திலை பிளேனோ? உங்களுக்கு என்ன விசரே? முடியட்டும். அடுத்த மார்ச் கட்டாயம் போறம்."

"சரி" என்றார்.

மருந்து ஏறியது. வாயெல்லாம் புண் வந்தது. அக்கா கஞ்சியை வடித்து, ஆற்றி, கரண்டியால் கொடுத்தால் அதுவும் திரும்பி வந்தது. மாடிப்படி ஏற முடியாமல் கட்டிலை ஹோலுக்குக் கொண்டுவந்தோம். மாசி முடிய முன்னம் அந்தப் பெரிய உடம்பில் தோளும் முழங்காலும்தான் மிச்சம். டொக்டர் சொன்னபடி ஒரு சொல் பிசகாமல் நடந்தது.

மார்ச்சில் பந்தய நாள் ஒரு கிழமைநாளாக இருந்தது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். தலையணை இரண்டை முதுகுக்குக் கொடுத்து அவரை நிமிர்த்தி வைத்தேன். சத்தம் இல்லாமல் ரீவி ஓடியது. தரை காய்ந்துதான் இருந்தது. முதல் மூன்று தடையும் உவன் பழைய மாதிரியே தாண்டினான். "வாறான் பாருங்கோ, வாறான்!" என்று நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். வளைவில் மற்றக் குதிரைகள் வேகம் எடுக்க, உவனால் முடியவில்லை. கழுத்து மேலே போனது, காலடி சுருங்கியது. கடைசிக்கு முதல் தடை வந்தது. ஜொக்கி அடிக்கவில்லை. கடிவாளத்தை மெல்லப் பிடித்து, தடைக்கு முன்னால் விலத்தி நிற்பாட்டி, இறங்கி, கழுத்தில் தட்டிக்கொடுத்து நடத்திக்கொண்டு போனான்.

"நல்ல ஜொக்கி" என்றார் அத்தான். அவர் கண்ணால் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

பிறகு குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அண்டைக்கு அந்த டொக்டர்ப் பிள்ளை சொன்னது எல்லாம் எனக்கு விளங்கினது, மச்சான்."

பன்னிரண்டு வருடம் இங்கிலீஸ் பேப்பரை விரல் வைத்து வாசித்த மனிசன். களைத்துவிட்டது, இனி இல்லை என்பதை இரண்டே வரியில் பிடிக்கிற மனிசன். பக்கத்தில் நின்று பார்த்த நான் அதை மறந்துபோனேனே. வெட்கம் வந்தது. வெட்கம் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

"அப்ப ஏன் வாயைத் திறக்கேல்லை? நான் பொய் சொல்லுறன் எண்டு தெரிஞ்சும் ஏன் ஓம் எண்டனீங்கள்? லண்டன் போயிருப்பமே!"

"மெல்லக் கதை. உன்ரை அக்கா உன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவ. அந்த முகத்தைப் பாத்தாப்பிறகு நான் வேற என்னத்தைச் சொல்ல?" மூச்சு வாங்கினார். "எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு நினைச்சுத்தான் அவ நித்திரை கொள்ளுறா. அதைக் கெடுத்துப்போடாதை."

அக்கா கஞ்சிக் கோப்பையோடு வந்தாள். "என்ன, உங்கடை குதிரை வெண்டதோ?" என்று கேட்டாள்.

"தோத்துப்போச்சு, இஞ்சாரும்" என்றார் அவர், சிரித்துக்கொண்டு. அன்றைக்கு மூன்று கரண்டி குடித்தார்.

சித்திரை பிறந்து இரண்டாம் கிழமை அவர் போனார். உவனை இனிப் பந்தயத்தில் ஓடவிடுவதில்லை, புல்வெளிக்கு அனுப்பியாயிற்று என்று அதே கிழமை செய்தி வந்தது. சண்டை பிடிக்க ஆள் இல்லாமல் அந்தச் செய்தியை நான் போனில் மூன்றுதரம் வாசித்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்த சனம் எல்லாம் சாப்பிட்டுப் போனபிறகு, நானும் அக்காவும் ஹோலில் கதிரைகளை மடித்துக்கொண்டிருந்தோம். கட்டில் கிடந்த இடத்தில் கார்ப்பெற் அமுங்கி நாலு பள்ளம் இருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ அண்டைக்குச் செய்தது பெரிய உதவி, தம்பி" என்றாள். "உடம்பிலை நோ இருந்தது உண்மைதான். ஆனால் மனுசன் ஒண்டும் தெரியாமல் நிம்மதியாப் போனார், என்ன?"

டொக்டர் கேட்கச் சொன்ன கேள்வியை நான் அவரிடம் கேட்கவே இல்லை என்று கத்தவேண்டும்போல இருந்தது. கையிலிருந்த கதிரையை மடித்துச் சுவரில் சாத்தினேன்.

"ஓம் அக்கா" என்றேன்.