படுத்தவளை அளந்த டாக்டர்

ஈப்போ ஆஸ்பத்திரியில் என் மனைவியை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் நேரம். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தார். குட்டையான தமிழ்ப் பெண், தூங்காத கண். வந்ததும் டேப்பை இழுத்து, படுத்திருந்தவளைத் தலை முதல் பாதம் வரை அளந்தார். எங்கள் எஸ்டேட்டில் அப்படி அளப்பது பிணத்தைத்தான்.

“ஏம்மா, சவப்பெட்டிக்கா அளக்குற?” என்று கத்தினேன்.

“ஐயோ இல்லண்ணே! உள்ள மெஷின்தான் அக்காவுக்கு மூச்சுக் கொடுக்கும். உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருக்காதுலா. உயரத்துக்குத் தக்கதான் காத்து வைக்கணும். கூடிப்போனா நுரையீரல் புண்ணாயிரும்.”

“உனக்குப் பயமா இல்லையா?”

“இருக்குண்ணே. அதான் கண்மதிப்புல விடாம அளக்குறேன்.”

மனைவி பிழைத்து வந்தாள். அந்த டாக்டரின் பேரைக்கூட நான் கேட்கவில்லை. இப்போதெல்லாம் பயமே இல்லாமல் சிரிக்கும் டாக்டரைக் கண்டால்தான் எனக்கு உதறுகிறது.