மூடி திறக்காத பாட்டில்

“குடிச்சது நீங்கதான்.”

“கேனை நான் தொட்டிருந்தா கேளு…”

“அப்ப நானா? இருபது லிட்டரும்…”

“வயித்துல இருக்கிற கல்லு போதாதுன்னு உன் கல்லு மூட்டையவேற தூக்கிக்கினு வந்தேன் பாரு. என்னைச் சொல்லணும்.”

இந்தப் பேச்சு நடந்தது இரவு 11.40க்கு, சோளிங்கர் பக்கத்துப் பெரிய ஏரிக்கரையில். நான் எதையும் கூட்டவில்லை. எதிர்வீட்டு அம்பரீன் சொன்னது சொன்னபடி.

அம்பரீன் கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள். லீவு விட்டால் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுக் கல் பொறுக்குவாள். வீட்டுக்காரர் வக்கார் அகமது, ஷூ கம்பெனி சூப்பர்வைசர், முணுமுணுத்துக்கொண்டே கூட வருவார். அவருக்குச் சிறுநீரகத்தில் கல். தண்ணீர் குறைந்தால் ஆபத்து என்று டாக்டர் கண்டித்திருந்தார். ஏரித் தண்ணீரை நம்ப முடியாதென்றுதான் கேன் கொண்டு வந்தார்கள். இறக்கிவிட்ட ஆட்டோ விடிந்தால்தான் வரும்.

அன்று மாலை, நீர் வற்றிய ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கல் கிடைத்தது. எண்ணெய் ஊறியதுபோல் வழவழப்பு. அம்பரீன் துடைத்துக் கேன் பக்கத்தில் வைத்திருந்தாள்.

இப்போது கேன் காலி. கீழே மண் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

1.50. வக்காருக்கு வலி பிடித்துக்கொண்டது. சுருண்டு விழுந்தார். பையில் ஒரே ஒரு பாட்டில் மிச்சம். சீல் உடைக்காதது. அம்பரீன் கை நீட்டினாள்.

களக்…

டார்ச் அடித்தாள். மூடி மூடியபடிதான். உள்ளே தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

களக்… களக்…

பாதி. கால்.

ஒன்றுமில்லை.

கல் மட்டும் ஈரமாக இருந்தது.

5.40க்கு மீன் பிடிக்க வந்த சுப்பராயன், முனகல் கேட்டு ஓடிவந்து தன் சொம்பை நீட்டினார். வக்கார் மடமடவென்று குடித்தார். சுப்பராயனின் பார்வை கல்லில் நின்றது.

“இத எங்கம்மா எடுத்தே?”

சொன்னாள். அவர் கல்லை இரண்டு கையாலும் எடுத்தார். அவர்கள் வழக்கத்தில், இறந்தவருக்காகக் கரையில் ஒரு கல் வைத்துத் தண்ணீர் வார்ப்பார்களாம். காரியம் முடிந்ததும் ஏரியில் போட்டுவிடுவார்களாம். இது அவர் மகன் அன்பரசனின் கல். போன மாதம் வயிற்றில் ஆபரேஷன். தண்ணீர் கொடுக்கவே கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

“‘யம்மா, ஒரு சொம்பு’ன்னு அவங்க அம்மாவைக் கேட்டுக்கினே போய்ட்டான்.”

அவரே இடுப்பளவு நீரில் இறங்கிக் கல்லை விட்டார். வக்காரின் வலி அந்த நிமிஷமே நின்றது. அம்பரீனுக்கு உயிர் வந்தது.

அன்றிரவு, மேல்விஷாரம் வீடு. 11.40.

களக்…

அம்பரீன் விழித்தாள். பக்கத்தில் வக்கார் எழுந்து உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

“யம்மா… இன்னொரு சொம்பு.”