இறக்கை தைத்த அக்கா

நேற்று என் மூன்றாவது லொறிக்குப் பெயின்ற் அடித்தபோது எழுந்த மணம், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு இவ்வளவும் சம்பாதித்த என்னை, பளையில் தென்னந்தோட்டத்து ஐயா தன் பழைய விமானத்தை நிறுத்தி வைத்திருந்த, இன்று தடமும் இல்லாத அந்தக் கொப்பராக் கொட்டிலுக்குள் கொண்டுபோய்விட்டது.

ஒற்றை எஞ்சின், இரண்டு இருக்கை. இறக்கையோ மரச்சட்டத்தில் இழுத்துத் தைத்த துணி. வெயிலில் துணி இற்றுப்போகும்போதெல்லாம் ஐயா புதுத்துணி போர்த்தித் தைப்பித்து, மேளத்தோல் போல விறைக்கும்வரை அதே பெயின்ற் மணமுள்ள பூச்சைப் பூசுவார். தைத்தவரே முதல் பறப்பில் தன்னோடு ஏற வேண்டும், அப்போதுதான் தையல் கவனமாக விழும் என்பது அவருடைய சட்டம்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒருமுறை அந்த ஊசி என் அக்காவிடம் போனது. பறக்கும் ஆசை பொறுக்காமல் ஒரு மூலையை நானும் தைத்தேன். ஐயா விரலால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இதென்ன நெல்லுச் சாக்கே? பிள்ளை, இதைப் பிரிச்சுத் தையுங்கோ."

அக்கா சிரித்துக்கொண்டே பிரித்தாள். அவளே ஏறிப் போனாள். தென்னைகளுக்கு மேலே அந்தச் சத்தம் சுற்றிச் சுற்றி வந்ததை, பிடரி நோக அண்ணாந்து பார்த்து நின்றேன். இறங்கியதும் ஓடினேன்.

"மேலையிருந்து என்னக்கா தெரிஞ்சுது?"

"ஒண்டும் தெரியேல்லையடா. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டெல்லே இருந்தனான்!"

கனடாவுக்கு நான்கு தரம் யன்னலோர இருக்கையில் இருந்து பறந்து போய்வந்தவன் நான். ஆனாலும் அக்கா பேரப்பிள்ளைகளிடம், "நான் சின்னனிலேயே பிளேனிலை போனனான்" என்று தொடங்கினால், "கண்ணை மூடிக்கொண்டு!" என்று பக்கத்து அறையிலிருந்து கத்தாமல் என்னால் இருக்க முடிவதில்லை.