சலீம் நானா எனக்காகச் சொன்ன பொய்

பர்வீன் டீச்சர், அன்று எங்களோடு குகைக்கு வந்த மற்ற டீச்சர்மாரே, இந்தச் சாமத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகன் இப்போதுதான் உறங்கினான். சலீம் நானா மௌத்தாகி, அடக்கமும் முடிந்துவிட்டதென்று பர்வீன் டீச்சர் பின்னேரம் அறிவித்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

வண்ணாத்திவில்லுக் காட்டுக்குள் இருக்கும் அந்தச் சுண்ணாம்புக்கல் குகையை அவர் சுற்றிக் காட்டிய விதம் உங்களுக்கு மறந்திராது. உள்ளே போகும் ஒவ்வொருவர் கையிலும் கற்பிட்டிக் கரையில் பொறுக்கிய சிப்பி ஒன்றைக் கொடுப்பார். அன்று நான் கூட்டி வந்த என் சின்ன மகனுடையதையும் நான்தான் வைத்திருந்தேன். வெளியே வந்ததும் அதை வாசலில் உள்ள தகரப்பேணியில் போட வேண்டும்.

"சிப்பி எல்லாம் வந்தாத்தான் ஆக்கள் எல்லாம் வந்த மாதிரி. டீச்சர்மார் எண்டாலும் இங்க இடாப்புல பேர் கூப்பிடுறது நான்தான்."

"வராத ஆக்களுக்கு என்ன தண்டனை, நானா?" என்று பர்வீன் டீச்சர் கேட்டார்.

"வௌவாலோட ராச்சாப்பாடு."

குகையின் அடிவரை போனதும் எல்லா விளக்கையும் அணைத்தார். அந்த இருட்டு எனக்குப் பழையது. சிறுமியாக வன்னியில், போர் நேரம் செல் விழுந்து மண் சரிந்த பங்கருக்குள் அரைநாள் கிடந்தவள் நான். விளக்கு திரும்ப எரிந்ததும் ஓடினேன். நீங்கள் எல்லோரும் அண்ணாந்து வௌவால் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வாசலில், என் சிப்பியையும் என்னிடம் இருந்த மகனுடைய சிப்பியையும் சேர்த்துப் பேணியில் போட்டேன். அவன் உள்ளே நிற்கிறான் என்று அப்போதும் உறைக்கவில்லை. நீங்களும் வந்து, எண்ணிப் பார்த்து, சிப்பிக் கணக்குச் சரி என்றீர்கள்.

கடைசியாக நானா வந்தார், தோளில் என் மகன். "டீச்சரை முன்னுக்குப் போகச் சொன்னது நான்தான். தம்பிக்கு வௌவால் காட்டினேன்" என்று உங்களிடம் சொன்னார். அது பொய். நான் பிள்ளையை விட்டுவிட்டு ஓடினேன்.

என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அழாதீங்க மகள். எங்கட ஆக்களை மன்னாரை விட்டு வெளியேத்தினண்டு நானும் என்ட மூத்தவளைக் கரையில விட்டுட்டுத் தோணியில ஏறினேன். பொறகுதான் இறங்கி ஓடிப்போய்த் தூக்கினேன். பயந்து ஓடினா நீங்க உம்மா இல்லாமப் போயிடுவீங்களா?"

நான் நன்றி சொல்லவில்லை. பிறகு புத்தளம் சந்தையில் இரண்டு தரம் அவரைக் கண்டு, வெட்கத்தில் கடைக்குள் ஒளிந்துகொண்டேன். இரண்டாம் தரம் அவர் மகனுக்குக் கை காட்டிவிட்டுப் போனார்.

இப்போதும் தெருவில் நான் கையை இறுக்கிப் பிடிக்க, "நோகுது, விடுங்க அம்மா" என்பான் மகன். அந்தப் பயம் போகவில்லை. ஆனால், நான் கெட்ட தாயோ என்று மனம் குமையும்போதெல்லாம் நானா கேட்ட அந்தக் கேள்விதான் துணை. அவருடையதாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

அவர் மனைவி இப்போது கணவருக்காகத் துக்கம் காக்கும் இத்தாவில் இருப்பார். வெளியே வரமாட்டார், பெண்கள் போய்ப் பார்க்கலாம் என்று கேள்வி. அவரிடமாவது இதைச் சொல்ல வேண்டும். தனியே போகத் துணிவில்லை. பர்வீன் டீச்சர், என்னைக் கூட்டிக்கொண்டு போவீர்களா? கெதியாகப் பதில் போடுங்கள்.